அக்கரை அலுவலகத்தில் நேசக்குமாருக்கு என்ன வேலை?

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முத்துக்கரை கேபிள் டிவி உரிமையாளர் தம்பி சிவப்பிரகாஷ் அவர்களே, ஜெபத்தோடு தொடங்கி வைத்த சேகரகுரு ஜெயசிங் ஐயா அவர்களே, துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்சிகளில் நேசக்குமாரோடு வேலை பார்த்த நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி, தங்கச்சி ஜெபசுதா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் ‘அக்கரை அலுவலகம்’ தொடரின் நேயர் பெருமக்களே! கயிற்றுக்கடை வீரபாகு உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன்.

நான் மைக்கைப் பிடித்ததும் பின்னால் நாலைந்து பேர் சிரித்தீர்கள். காதில் விழுந்தது. கோபம் இல்லை. ஐந்து வருடமாக இந்த ஊரில் என் முகத்தைப் பார்த்தால் செத்தவர்கள் ஞாபகம் வருகிறது. செத்தவர்கள் ஞாபகம் வந்ததும் சிரிப்பு வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனவர் யார்? பதினாறு நாளைக்கு முன்னால் நம்மை விட்டுப் போன நேசக்குமார்! எழுத்தாளர் நேசக்குமார்! இயக்குநர் நேசக்குமார்! இரண்டையும்விட, கப்பல் சரக்குக்குப் பேப்பர் போடும் குமாஸ்தா நேசக்குமார்! கடைசியில் சொன்னதுதான் அவருக்குப் பிடித்த பட்டம்.

சாத்தான்குளத்திலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்கள் சிலர் தொடரைப் பார்த்ததில்லை என்றார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. செத்தவர்கள் எல்லோரும் கப்பலேறி ஒரு துறைமுகத்துக்கு வந்து சேருகிறார்கள். அங்கே சொர்க்கம் இருக்கிறதா? இல்லை. நரகம் இருக்கிறதா? அதுவும் இல்லை. கவுண்டர் இருக்கிறது! இறங்கியவுடன் வரிசையில் நிற்க வேண்டும். ‘வாழ்ந்ததற்கு ஒரிஜினல் எங்கே? மூன்று நகல் எங்கே?’ என்று கேட்பார்கள். ‘புதுப் பொருளா, பயன்படுத்திய பொருளா?’ என்று கேட்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் முத்திரை குத்தி ஒரு வேலை கொடுப்பார்கள். அந்த வேலைக்கு விடுமுறை கிடையாது, ஓய்வு பெறும் வயது கிடையாது. தொடரின் முதல் வாரத்தில், செத்துப்போன தாசில்தார் ஒருவர், ‘இதுக்குச் செத்தே போகலாம்னு பார்த்தா அதுக்கும் வழியில்லையே!’ என்று கவுண்டரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். ஊரே சிரித்தது. அந்த அலுவலகத்தின் மேலாளர்தான் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மண்டபத்து வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்திருப்பீர்கள். நேசக்குமார் சிரிக்கிறார், கீழே ‘அக்கரை அலுவலகத்தின் புதிய தலைமை எழுத்தர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை மாலை அந்த நியமன ஆணையை நான் தொடரில் வாசிப்பதாக ஏற்பாடு. முன்னூறு பேருக்கு மேல் கேட்டு எழுதியதால் எடுத்த முடிவு அது. ஆனால் நேற்று ஒருவர் அதை வாசிக்காதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டார். வாசிப்பதா, வேண்டாமா? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீச் ரோட்டில் என் கடை. தோணிக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய கயிறு, தார், பெயிண்ட், கொக்கி எல்லாம் விற்கிறேன். ஒரு மத்தியானம் மெலிந்த ஆள் ஒருவர் வந்தார். சட்டைப்பையில் நாலு பேனா. ‘அண்ணாச்சி, பத்தடிக் கயிறு வேணும்’ என்றார். ‘என்ன கனத்துல?’ என்றேன். ‘ஒரு ஆளு தொங்குனா தாங்கணும்’ என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ‘அண்ணாச்சி, செத்த பொறவு உள்ள லோகத்துல ஒரு வேலை காலியா கெடக்கு. வாரியளா?’ என்று கேட்டார்.

நீங்களே சொல்லுங்கள், கயிறு விற்கிறவன் என்ன நினைப்பான்? கயிறு வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்தேன். கயிற்றுச் சுருளைக் காலால் உள்ளே தள்ளினேன். அவர் கையைப் பிடித்து இழுத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். எதிர்க்கடையிலிருந்து சோடா கலர் வரவழைத்துக் கொடுத்தேன். பிறகு அரை மணி நேரம் வாழ்க்கையின் அருமையைப் பற்றிப் பேசினேன். நான்! என் வீட்டில்கூட என்னிடம் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேச்சு வாங்கியவர்கள் கிடையாது. ‘ஒமக்கு என்னவே கொறச்சல்? ரெண்டு காலு இருக்கு, ரெண்டு கை இருக்கு, நாலு பேனா வேற இருக்கு’ என்றெல்லாம் சொன்னேன். அவர் கலரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

‘டிவித் தொடர் ஒண்ணு எடுக்கேன் அண்ணாச்சி. செத்த ஆளக் கப்பல்ல இருந்து கயித்துல எறக்குத மாதிரி ஒரு சீனு. அதுக்குத்தான் கயிறு. நீங்கதான் அங்க மேலாளர். இப்ப அரை மணி நேரமாத் திட்டிக்கிட்டே எரக்கப்பட்டியள்லா, அது அப்படியே எனக்கு வேணும்’ என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கலரைத் திரும்ப வாங்க வழியும் இல்லை. மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றில், மேலாளராக இரும்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள்! ஒவ்வொரு நாளும் மாலை நாலு மணிக்குத் துறைமுகத்திலிருந்து வண்டியில் வருவார். கயிற்றுச் சுருள் மேல் சாய்ந்துகொண்டு, அன்று எழுதிய வசனத்தை வாசித்துக் காட்டுவார். வாசிக்கும்போது கண் தாளில் இருக்காது, என் முகத்தில் இருக்கும். சிரிக்கிறேனா என்று பார்ப்பார். நான் சிரிக்க மாட்டேன். ‘பரவால்ல’ என்பேன். பிறகு பெயிண்ட் டப்பா எடுக்கப் போவதுபோல் பின்கட்டுக்குப் போய், அங்கே சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வருவேன். ஐந்து வருடமும் இதே கதைதான். ஏன் அப்படிச் செய்தேன்? சிரித்துவிட்டால் மறுநாள் வராமல் போய்விடுவாரோ என்று ஒரு பயம். இப்போது நாலு மணி ஆனால் என் கண் தானாக ரோட்டைப் பார்க்கிறது. அவர் முன்னால் ஒரு தடவை சிரித்திருக்கலாம். அது எனக்கு ஆறவே ஆறாது.

பெரியோர்களே! இந்தத் தொடரில் அவர் செய்த எல்லாவற்றையும்விடப் பெரியது எது? அந்தக் கடைசி ஒரு நிமிடம். அது இந்த ஊருக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ஒரு வாரம் கதைக்குப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. அப்போதுதான் காலமான மக்ரூன் போடும் லிங்கராஜ் அண்ணாச்சி பெயரை, வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் பயன்படுத்தினார். நான் மேலாளர் மேஜையிலிருந்து வாசித்தேன்: ‘முட்டை வெள்ளைக்கருவை நாற்பது வருடம் அடித்த அனுபவம் கருதி, லிங்கராஜ் அவர்களை மேகத்துக்கு நுரை அடிக்கும் பிரிவில் நியமிக்கிறேன்.’ திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டார் எட்டுப் பேரும் என் கடை வாசலில் நின்றார்கள். ஒருவர் விடாமல் சிரித்தார்கள், ஒருவர் விடாமல் அழுதார்கள். ‘மேகத்தப் பாத்தா இப்பம்லாம் எங்கப்பாதாம்னு தோணுது’ என்று பெரிய மகன் சொன்னார்.

அன்று தொடங்கியது. வாரம் ஒரு பெயர், இந்தக் கரையில் இறந்த ஒரு நிஜமான ஆள், அவருக்கு ஒரு பணியாணை. திருச்செந்தூர் ரூட்டில் ஓடிய கண்டக்டர் செந்தூர்பாண்டிக்கு, புதிதாகச் செத்தவர்களிடம் ‘இது நீங்க எறங்குற எடம் இல்ல, உள்ள தள்ளுங்க’ என்று சொல்லும் வேலை. திரேஸ்புரத்துச் சங்கு குளியாளி ஒருவர். மூச்சை அடக்கி அடக்கியே நெஞ்சு கெட்டுப் போனவர். அவருக்கு என்ன வேலை தெரியுமா? வருகிறவர்களிடம் ‘இனிமே மூச்ச அடக்க வேண்டியதில்ல’ என்று சொல்லிக்கொடுக்கும் வேலை! அதை வாசிக்கும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. மறுபடி எடுக்கலாமா என்று கேமராக்காரர் கேட்டார். ‘போதும் அண்ணாச்சி’ என்றார் நேசக்குமார். அவர் ‘கட்’ என்று சொல்லவே மாட்டார். ‘போதும் அண்ணாச்சி’ என்பார்.

அதோடு என் பிழைப்பில் மண் விழுந்தது. கயிறு வாங்க வருகிறவர்களைவிட விசாரிக்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ‘எங்க ஐயா சௌக்கியமா இருக்காவளா?’ ‘எங்க மாமாவுக்கு அங்க ஒத்துக்கிட்டா?’ ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட் பெண் என் பக்கம் குனிந்து, ‘எங்கம்மா சாப்புட்டாவளா?’ என்று கேட்டாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. நான் என்ன சொல்வேன்? எரிந்து விழுந்தேன். ‘ஏம்மா, நான் கயிறு விக்குதவன். எனக்கு என்னளா தெரியும்?’ என்று கத்திவிட்டேன். அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

நாலு மணிக்கு நேசக்குமாரிடம் இதைச் சொல்லிக் கடுகடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. ‘நீங்க கயித்துக்கடன்னு அவங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? தெரியும். தெரிஞ்சுதான் கேக்காவ. இதக் கேக்கதுக்கு ஊருல வேற எடமே இல்ல’ என்றார். ‘ஆமா, நல்லாருக்காவன்னு ஒரு வார்த்த சொன்னா நீங்க என்ன கொறஞ்சா போயிருவிய?’ என்றும் கேட்டார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. இந்தப் பதினாறு நாளில் விளங்குகிறது. எனக்கும் ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது. நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்லவில்லை. ஒரு பெரிய தப்பு செய்தார், நானும் கூட்டு. முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை பார்த்த சுடலைக்கண்ணன் என்பவர் தவறிப்போனார். மகள் பெயரை அனுப்பியிருந்தாள். நேசக்குமார் உற்சாகமாக எழுதினார்: ‘சுடலைக்கண்ணன் அவர்களை அக்கரை உப்பளத்தின் தலைமை மேற்பார்வையாளராகப் பதவி உயர்த்துகிறேன்.’ கூலிக்கு வேலை பார்த்தவருக்கு மேற்பார்வையாளர் பதவி! பெரிய மரியாதை செய்துவிட்டோம் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டோம்.

திங்கட்கிழமை அவர் மனைவி பேச்சித்தாய் என் கடைக்கு வந்தார். உப்பளத்திலிருந்து நேராக வந்திருக்கிறார். காலில் உப்பு பூத்திருந்தது. கடைக்குள் வரவில்லை. ரோட்டில் நின்றுகொண்டே கேட்டார்.

‘ஏய்யா, ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? முப்பத்தஞ்சு வருசம் உப்புத் தண்ணியில நின்ன காலுய்யா அது. எரிக்கும்போது மேல எல்லாம் வெந்துபோச்சு, பாதம் ரெண்டும் வேகல. அதத் தனியா எடுத்து வச்சு எரிச்சோம். அங்க போயும் அவுக உப்பளத்துலதான் நிக்கணுமா?’

உடனே துறைமுகத்துக்குப் போன் போட்டேன். நேசக்குமார் கையிலிருந்த பேப்பரை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அந்த அம்மாள் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். ‘தெரியாம செஞ்சுட்டேன் அக்கா. மாத்திருதேன். அவுகளுக்கு என்ன வேலை குடுத்தாப் பிடிக்கும், நீங்க சொல்லுங்க’ என்றார். பேச்சித்தாய் வெகுநேரம் யோசித்தார். பிறகு கோபமெல்லாம் வடிந்த குரலில், ‘காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து பேப்பர் படிக்கணும்னு ரொம்ப ஆசப்படுவாவ’ என்றார். அந்த வாரமே மேலாளர் மேஜையிலிருந்து நான் இடமாறுதல் ஆணை வாசித்தேன். சுடலைக்கண்ணன் இப்போது அக்கரையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எல்லோருக்கும் பேப்பர் படித்துக் காட்டுகிறார்.

அன்றே நேசக்குமார் ஒரு சட்டம் போட்டார். வீட்டில் போய்க் கேட்காமல் யாருக்கும் ஆணை போடக் கூடாது. வாட்ஸ்அப்பில் கேட்டால் போதாது, போனில் கேட்டால் போதாது, நேரில் போக வேண்டும். போனார்! தாளமுத்துநகருக்கும் போனார், தருவைக்குளத்துக்கும் போனார், ஆறுமுகநேரிக்கும் போனார். ஒரு வரி எழுதுவதற்காக இரண்டு மணி நேரம் ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து பேச மறந்துபோன வீடுகள் அவரிடம் பேசின. அவர் திரும்பி வந்து, ‘நல்ல மனுசன் அண்ணாச்சி, பாக்காமப் போயிட்டோம்’ என்பார். உயிரோடு இருந்தபோது பார்த்திராத அத்தனை பேரையும் அவர் அப்படித் தெரிந்துவைத்திருந்தார். வேறு எந்த எழுத்தாளர் இப்படி எழுதினார்? வேறு எந்தக் குமாஸ்தா இப்படி ஒரு பேப்பர் போட்டார்?

அப்படிப்பட்டவர் போன விதத்தையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. கன்டெய்னர் யார்டு வாசலில் வரிசை. கையில் பேப்பரோடு மூன்றாவது ஆளாக நின்றிருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்றவரிடம், ‘எடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, இந்தா வந்துருதேன்’ என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தவர்தான். நாற்பத்தொன்பது வயது! ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பின்னால் நின்ற அந்த நண்பர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். மத்தியானம் வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லையாம்.

துக்க வீட்டுக்கு நான் போனேன். உள்ளே நுழைகிறேன், மூலையிலிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, ‘ஆளக் கூட்டிட்டுப் போக மேலாளரே நேர்ல வந்துட்டாவடே’ என்றார். அழுதுகொண்டிருந்த வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெபசுதாவும் சிரித்தது. நானும் சிரித்தேன். பின்கட்டுக்கு ஓடவில்லை, நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். அவர் முன்னால் நான் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், தம்பி சிவப்பிரகாஷ், தொடரில் தட்டச்சராக நடிக்கும் ரம்யா டீச்சர், நான், மூன்று பேரும் கிட்டங்கியில் கூடினோம். நேயர்கள் கேட்டபடி அவருக்கும் ஒரு பணியாணை போடுவது என்று முடிவெடுத்தோம். நானே எழுதுகிறேன் என்றேன். ஐந்து வருடத்தில் நான் எழுதிய முதல் வரி அதுதான். ‘நேசக்குமார் அவர்களைத் தலைமை எழுத்தராக நியமிக்கிறேன். இருக்கை: மேலாளர் மேஜைக்கு அடுத்த மேஜை.’

அடுத்த மேஜை ஏன்? ஊருக்காக என்று மற்ற இருவரிடமும் சொன்னேன். பொய்! சுத்தப் பொய்! எனக்காகத்தான் எழுதினேன். அந்த மேஜை காலியாக இருந்தாலும், வாராவாரம் நான் அந்தப் பக்கம் திரும்பி, ‘என்னவே நேசக்குமார், நான் சொல்லுதது சரிதானே?’ என்று கேட்கலாம். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம். யாரும் என்னைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள், நடிப்பு என்பார்கள். இந்த ஆசையில் ஃபிளெக்ஸுக்கும் சொல்லிவிட்டோம். அச்சடித்து வந்த பிறகுதான் ரம்யா டீச்சர் கேட்டார்: ‘அண்ணாச்சி, சார் வீட்டுல கேட்டாச்சா?’

கேட்கவில்லை. அந்த மனுஷர் போட்ட ஒரே சட்டம். அவருக்கே அதை மீறியிருக்கிறோம்! நேற்று மாலை நான் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், கேட்கப் போகவில்லை. சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். தலைமை எழுத்தர் பதவியை யார் வேண்டாம் என்பார்கள்? சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

இங்கே நான் சொல்லப்போவது ஜெபசுதா சொன்னது. சபையில் சொல்லலாமா என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் சொல்கிறேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘அவுகளுக்கு வேலை போட்டுராதீங்க அண்ணாச்சி’ என்றது.

நான் விடவில்லை. ஊரே கேட்கிறது, முன்னூறு பேர் எழுதியிருக்கிறார்கள், இது அவருக்கு மரியாதை என்றேன். ஜெபசுதா சொன்னது: ‘ஊருக்கு அவுக டிவியில இருந்தாப் போதும். எனக்கு அவுக வீட்டுல வேணும். அது உங்க கையில இல்ல.’ நான் எழுந்திருக்கவில்லை. பிறகு இப்படிச் சொன்னது. ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன்.

‘இருவத்திரண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருந்துதான் எனக்குப் பழக்கம் அண்ணாச்சி. கப்பல் வந்துட்டா அவுக வார நேரம்னு ஒண்ணு கெடையாது. ‘வேலையில இருக்கேன் சுதா, வந்துருதேன்’னு ஒரு போன் வரும். வாரவரைக்கும் நான் சாப்புட மாட்டேன். அவுக சாப்புடச் சொல்லுவாவ, நான் கேக்க மாட்டேன். இப்பமும் பொழுது சாஞ்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது, இன்னும் வரலையேன்னு இருக்கு. இதுல நீங்களும் டிவியில வந்து அவுக வேலையில இருக்காவன்னு சொன்னியன்னா நான் என்ன செய்வேன்? அந்த ஆபீசுல லீவு கெடையாது, ஓய்வு கெடையாதுன்னு எழுதுனதே அவுகதான. நான் சாகுற வரைக்கும்லா காத்துக்கிட்டு கெடக்கணும். எனக்கு இத முடிச்சுக் குடுங்க அண்ணாச்சி.’

பெரியோர்களே, தாய்மார்களே! மேலாளராக ஐந்து வருடம் ஆணை வாசித்தவன் நான். நாமெல்லாம் வேலை கொடுத்தால் ஆறுதல் என்று நினைத்தோம். பல வீடுகளுக்கு அது ஆறுதல்தான். அப்பா எங்கேயோ இல்லாமல் போய்விடவில்லை, ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் வேலைக்குப் போனவருக்காகவே ஆயுளில் பாதியைக் காத்திருந்து கழித்த ஒருத்திக்கு அது ஆறுதல் ஆகுமா? ஆகாது என்று நேசக்குமாருக்குத் தெரிந்திருக்கும். அவர் நேரில் போய்க் கேட்டிருப்பார். நான் ஃபிளெக்ஸ் அடித்தேன்.

ஆகவே என் பதில் இதுதான். அந்த ஆணையை நான் வாசிக்க மாட்டேன். சனிக்கிழமையும் வாசிக்க மாட்டேன், என்றைக்கும் வாசிக்க மாட்டேன். தம்பி சிவப்பிரகாஷ், கூட்டம் முடிந்ததும் வாசலில் இருப்பதை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் மேஜை எதுவும் போட வேண்டாம். எனக்கு அவரிடம் பேச ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது. அது என் பாடு. அதற்காக அவர் வீட்டில் ஒருத்தியைப் பட்டினி போட எனக்கு உரிமை இல்லை.

தொடர் நின்றுவிடுமோ என்று பின்னால் யாரோ கேட்கிறீர்கள். நிற்காது! நேசக்குமார் பெயரால் சொல்கிறேன், நிற்காது! இனி ரம்யா டீச்சர் எழுதுவார். எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டு நாற்பத்தொரு வீட்டார் காத்திருக்கிறார்கள். அத்தனை வீட்டுக்கும் நானே நேரில் போகிறேன். அரை மணி நேரம் ஓர் இடத்தில் உட்காராத வீரபாகு உட்காருவான். எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்பான். வேலை வேண்டும் என்கிற வீட்டுக்கு வேலை போடுவோம். வேண்டாம் என்கிற வீட்டில் கும்பிட்டுவிட்டு எழுந்து வருவோம். ரோட்டில் என்னை நிறுத்தி, எங்கம்மா சாப்பிட்டார்களா என்று யார் கேட்டாலும் இனி எரிந்து விழ மாட்டேன். இது நான் இந்தச் சபைக்குக் கொடுக்கும் வாக்கு. நேசக்குமாருக்கும் கொடுக்கும் வாக்கு.

ஆனால் அவரைப் பற்றி மட்டும் என்னிடம் விசாரிக்காதீர்கள். எனக்குத் தெரியாது.

தங்கச்சி ஜெபசுதா! இதுவரைக்கும் ஊரைப் பார்த்துப் பேசினேன், இப்போது உன்னைப் பார்த்துப் பேசுகிறேன். நீ முடித்துக் கொடுக்கச் சொன்னாய். மேலாளர் வாயால் சொன்னால்தான் முடியும் என்று நீ நினைப்பதால் சொல்கிறேன். நேசக்குமாருக்கு அக்கரையில் வேலை இல்லை. இக்கரையிலும் வேலை முடிந்துவிட்டது. அவரிடமிருந்து இனி போன் வராது. அவர் வர மாட்டார் அம்மா. பொழுது சாய்ந்துவிட்டது, நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு.